பழைய இன்ஜினும் இ20 பெட்ரோலும்: எது கெடும், எது கெடாது

கேள்வி இதுதான்: வீட்டில் 1994 மாடல் யமஹா ஆர்எக்ஸ் 100 ஒன்றும், 1970களின் பெட்ரோல் அம்பாசடர் ஒன்றும் இருக்கின்றன. இப்போது பங்கில் கிடைப்பது இ20, அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். அதை ஊற்றினால் இன்ஜினே போய்விடும் என்கிறார் ஒருவர். ஈயம் இல்லாத பெட்ரோலால் வால்வு தேயும் என்கிறார் இன்னொருவர். ஒன்றும் ஆகாது, ஓட்டுங்கள் என்கிறார் மெக்கானிக். யார் சொல்வது சரி?

மூவர் சொல்வதிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் மூவருமே இன்ஜினை மட்டும் பார்க்கிறார்கள். பழைய வண்டியில் இ20 செய்யும் சேதத்தில் பெரும்பகுதி டேங்கிலும் டியூபிலும் கார்புரேட்டரிலும்தான் நடக்கிறது. அதுவும் வண்டி ஓடும்போது அல்ல, மாதக்கணக்கில் நிற்கும்போது. ஓடும்போதே இன்ஜினுக்கு ஆபத்து என்று சொல்லத்தக்கது டூ-ஸ்ட்ரோக் ஒன்றுதான்; ஆர்எக்ஸ் 100 அந்த வகை, அம்பாசடர் அல்ல. ஆக, உங்கள் இரண்டு வண்டிகளுக்கும் பதில் வேறு வேறு.

ஈயத்தை முதலில் முடித்துவிடுவோம். இன்ஜினில் நாக்கிங் (பெட்ரோல் கலவை தானாகவே வெடித்துத் தட்டுவது) வராமல் இருக்க டெட்ராஎத்தில் ஈயத்தைக் கலக்கலாம் என்று அமெரிக்காவில் தாமஸ் மிட்ஜ்லி 1921-ல் கண்டுபிடித்தார். அதில் யாரும் எதிர்பாராத ஒரு கூடுதல் பலன் கிடைத்தது. எரிந்த ஈயம் எக்ஸாஸ்ட் வால்வுக்கும் அது உட்காரும் சீட்டுக்கும் நடுவே மெல்லிய படலமாகப் படிந்து, இரும்பும் இரும்பும் நேரடியாக உரசாமல் காத்தது. இந்தியாவில் 1995-ல் நான்கு பெருநகரங்களில் ஈயமில்லா பெட்ரோல் வந்தது. 2000 பிப்ரவரி முதல் நாடு முழுவதும் அது மட்டுமே.

அம்பாசடரின் பழைய 1489 சிசி பெட்ரோல் இன்ஜின், பிரிட்டனின் பிஎம்சி பி-சீரிஸ் வம்சம். ஹெட் வார்ப்பிரும்பு. வால்வு சீட்டைத் தனி வளையமாக அடிக்காமல், அந்த இரும்பிலேயே கடைந்திருப்பார்கள். ஈயப் படலம் இல்லாமல் அதிக சூட்டில் ஓடும்போது வால்வு, சீட்டின் துணுக்குகளைப் பிய்த்துப் பிய்த்து எடுக்கும். சீட் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இறங்கும். இதைக் கண்டுபிடிக்க ஹெட்டைக் கழற்ற வேண்டாம். ராக்கர் கவரைத் திறந்து டேப்பெட் இடைவெளியை, அதாவது வால்வுக்கும் அதைத் தள்ளும் ராக்கருக்கும் நடுவே உள்ள சந்தை, ஃபீலர் கேஜ் விட்டுப் பாருங்கள். சாதாரணத் தேய்மானத்தில் அந்த இடைவெளி அகலும், டக் டக் சத்தம் கூடும். சீட் இறங்கினால் நேர்மாறாக, இடைவெளி குறையும், சத்தமும் அடங்கும். இன்ஜின் அமைதியாகிவிட்டதே என்று மகிழ்ந்துகொண்டிருக்கும்போது வால்வு முழுசாக மூடாமல் எரியத் தொடங்கியிருக்கும்.

ஆனால் இது நெடுநேரம் முழு வேகத்தில், பாரத்தோடு ஓடும் இன்ஜினில்தான் வேகமாக நடக்கும். கல்யாணத்துக்கும் கோயிலுக்கும் ஐம்பது, அறுபதில் போய்வரும் காரில் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. உங்கள் கார் இருபத்தைந்து ஆண்டுகளாக ஈயமில்லா பெட்ரோலில்தான் ஓடுகிறது; கெட வேண்டியிருந்தால் இதற்குள் கெட்டிருக்கும். ஒருமுறை டேப்பெட் செட் செய்து குறித்து வையுங்கள். இரண்டாயிரம் கிலோமீட்டர் கழித்து மீண்டும் பாருங்கள். இடைவெளி அப்படியே இருந்தால் ஈயத்தை மறந்துவிடலாம். குறைந்துகொண்டே வந்தால், அடுத்து ஹெட் இறங்கும்போது எக்ஸாஸ்ட் பக்கம் கடினமான தனி சீட் வளையம் அடித்துவிடுங்கள். நல்ல லேத் பட்டறைக்கு இது வழக்கமான வேலை. இதற்காக மட்டும் ஹெட்டை இறக்குவது வீண் செலவு. ஆர்எக்ஸ் 100-க்கு இந்தப் பேச்சே கிடையாது. அதில் ரீட் வால்வு உண்டு, ஆனால் சீட்டில் வந்து அடிக்கும் வால்வு இல்லை. புல்லட்காரர்களும் கவலைப்பட வேண்டாம். சிலிண்டர் வார்ப்பிரும்பாக இருந்தாலும் ஹெட் அலுமினியம்; அதில் தனி சீட் வளையம் தொடக்கத்திலிருந்தே உண்டு.

ஆக்டேனும், அதாவது பெட்ரோல் நாக்கிங்கைத் தாங்கும் அளவும், பிரச்சினை இல்லை. நம் ஊர்ப் பழைய இன்ஜின்கள் அந்தக் காலத்துக் குறைந்த ஆக்டேன் பெட்ரோலுக்காகவே தாழ்ந்த கம்ப்ரஷனில் கட்டப்பட்டவை. அம்பாசடரின் கம்ப்ரஷன் விகிதம் ஏழுக்குப் பக்கம்தான். இன்றைய சாதா பெட்ரோலே அதற்கு அதிகம். எத்தனால் ஆக்டேனை இன்னும் ஏற்றுகிறது. உங்கள் வண்டிக்கு அதனால் நன்மையும் இல்லை, தீமையும் இல்லை.

இனி எத்தனால். 2003-ல் 5 சதவீதம் என்று தொடங்கிய திட்டம், 2022-ல் 10 சதவீதத்தைத் தொட்டது. 2023 பிப்ரவரியில் சில மாநிலங்களில் மட்டும் தொடங்கிய இ20, 2025-க்குள் நாடு முழுவதும் வந்துவிட்டது. எனவே உங்கள் வண்டிகள் பல ஆண்டுகளாகவே கொஞ்சம் எத்தனாலைக் குடித்துக்கொண்டுதான் இருந்தன. இப்போது அளவு கூடியிருக்கிறது. எத்தனாலுக்கு மூன்று குணங்கள் உண்டு. தனக்குள்ளேயே ஆக்ஸிஜன் வைத்திருக்கிறது. தண்ணீரை இழுக்கிறது. பெட்ரோல் கரைக்காத சிலவற்றைக் கரைக்கிறது. பழைய வண்டியில் வரும் தொல்லைகளில் பெரும்பாலானவை இந்த மூன்றிலிருந்துதான்.

ஆக்ஸிஜனிலிருந்து தொடங்குவோம். சுத்தமான பெட்ரோல் ஒரு கிலோ எரிய ஏறக்குறைய 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிலோ போதும். இ20-க்குக் கணக்குப் போட்டால் சுமார் 13.5 வரும். இப்போதைய வண்டிகளில் ஆக்ஸிஜன் சென்சர் இதைக் கண்டுபிடித்து இன்ஜெக்டரைக் கூடுதலாகத் திறக்கும். கார்புரேட்டருக்குக் கண்ணில்லை. பெட்ரோலை அளந்து விடும் சின்னப் பித்தளைத் துண்டான ஜெட்டில் உள்ள துளை எவ்வளவோ அவ்வளவுதான் பெட்ரோல். ஆகவே எத்தனாலே இல்லாத பெட்ரோலுக்கு செட் செய்த கார்புரேட்டரில் இ20 ஊற்றினால் கலவை எட்டு சதவீதம் போல லீன் ஆகிறது, அதாவது காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் இல்லாமல் போகிறது. பிக்கப் கொடுக்கும்போது ஒரு தயக்கம், ஆக்சிலேட்டரை விட்டதும் சைலன்சரில் பட் பட் என்று வெடிப்பு, சோக் இல்லாமல் காலையில் எடுக்க மறுப்பது எல்லாம் இதன் அடையாளங்கள்.

அம்பாசடருக்கு எட்டு சதவீதம் பெரிய விஷயமில்லை. பழைய கார்களைப் பெரும்பாலும் ரிச்சாகவே, பெட்ரோல் கூடுதலாகவே செட் செய்து வைத்திருப்பார்கள். இ20 அதைக் கொஞ்சம் நடுவுக்குக் கொண்டுவந்திருக்கும், அவ்வளவுதான். ஆர்எக்ஸ் 100 அப்படியல்ல. டூ-ஸ்ட்ரோக்கில் பெட்ரோல் எரிபொருள் மட்டுமல்ல, பிஸ்டனையும் கிராங்கையும் குளிரவைப்பதும் அதுதான். கலவை லீன் ஆனால் பிஸ்டன் சூடேறும். அலுமினிய பிஸ்டன், அது ஓடும் இரும்பு சிலிண்டர் துளையான போரைவிட வேகமாக விரியும். ஒரு நீண்ட ஏற்றத்திலோ, நெடுஞ்சாலையில் திராட்டிலை முழுக்கத் திருகி ஓட்டும்போதோ பிஸ்டன் போரைக் கவ்விக்கொண்டு சீஸ் ஆகும். எத்தனால் ஆவியாகும்போது பெட்ரோலைவிட அதிகமாகக் குளிர்விக்கும் என்பது உண்மைதான், அது கொஞ்சம் ஈடுகட்டும். ஆனால் அதை நம்பி ஜெட்டை அப்படியே விட மாட்டேன்.

ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். இ20-ஆல் சீஸ் ஆனது என்று கொண்டுவரப்படும் ஆர்எக்ஸ்களில் பெரும்பாலும் வேறு கோளாறு ஏற்கெனவே இருக்கும். கிராங்க் ஆயில் சீல் காய்ந்து காற்று உள்ளே போகும். கார்புரேட்டருக்கும் சிலிண்டருக்கும் நடுவே உள்ள மேனிஃபோல்டு ரப்பரில் விரிசல் இருக்கும். சத்தத்துக்காக சைலன்சரை வெட்டி, ஏர் ஃபில்டரையும் கழற்றி எறிந்திருப்பார்கள். இவை ஒவ்வொன்றும் கலவையை லீன் ஆக்குபவை. வண்டி விளிம்பில் ஓடிக்கொண்டிருந்தது, இ20 தள்ளிவிட்டது. ஆகவே முதலில் சீலையும் அந்த ரப்பரையும் பாருங்கள். அவை சரியாக இருந்தால் மெயின் ஜெட்டை ஒரு சைஸ் ஏற்றுங்கள். முழு திராட்டிலில் கொஞ்ச தூரம் ஓட்டி, கிளட்சைப் பிடித்து இன்ஜினை அணைத்து, பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். பீங்கான் வெளுத்து, வறண்டு தெரிந்தால் இன்னொரு சைஸ். இளம் பழுப்பாக இருந்தால் அங்கேயே நிறுத்துங்கள். இரண்டு சைஸுக்கு மேல் தேவைப்பட்டால் காற்றுக் கசிவு இன்னும் எங்கோ இருக்கிறது என்று பொருள்.

அடுத்தது தண்ணீர். பெட்ரோலில் தண்ணீர் கரையாது. அடியில் முத்து முத்தாகத் தங்கும். எத்தனால் இருந்தால் கொஞ்சம் தண்ணீரைத் தனக்குள் இழுத்து வைத்துக்கொள்ளும். அந்தக் கொள்ளளவு தாண்டியதும் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பெட்ரோலை விட்டுப் பிரிந்து, கனமான ஒரு தனி அடுக்காக டேங்கின் அடியில் போய் உட்காரும். பெட்ரோல் டேப் திறக்கும் இடமும் அதே அடிதான். மூடியின் வாஷர் போன பழைய டேங்க், மழையில் நனையும் வண்டி, கால்வாசி பெட்ரோலோடு மாதக்கணக்கில் நிற்பது, கடலோர ஈரக் காற்று எல்லாம் சேர்ந்தால் இது நடக்க நாள் பிடிக்காது. அதன்பின் டேங்கின் அடித் தகடு துருப்பிடிக்கும். துரு டேப்பின் சல்லடை வழியாக ஜெட்டுக்கு வரும்.

ஆர்எக்ஸுக்குத் தனி 2டி ஆயில் (டூ-ஸ்ட்ரோக் இன்ஜின் ஆயில்) டேங்கும் பம்ப்பும் இருப்பதால் ஒரு பெரிய ஆபத்திலிருந்து தப்பிக்கிறது. பெட்ரோலிலேயே ஆயிலைக் கலந்து ஊற்றும் டிவிஎஸ் 50, யெஸ்டி போன்ற வண்டிகளில் மேலே நிற்கும் பெட்ரோல் அடுக்கில்தான் ஆயில் இருக்கும். கீழே பிரிந்த அடுக்கில் அது அனேகமாக இருக்காது. டேப்பைத் திறந்ததும் இன்ஜினுக்கு முதலில் போவது அந்தக் கீழ் அடுக்கு. வண்டி எடுக்காமல் போனால் அதிர்ஷ்டம். எடுத்து ஓடினால் ஆயிலே இல்லாமல் ஓடும்.

சோதிப்பது சுலபம். வண்டி ஒரு ராத்திரி அசையாமல் நின்றபின், ஆட்டாமல், டேப்பிலிருந்து கால் லிட்டரை ஒரு வெள்ளைக் கண்ணாடி பாட்டிலில் பிடித்து வெளிச்சத்தில் வையுங்கள். கோடு கிழித்தாற்போல இரண்டு அடுக்கு தெரிந்தால் அந்த டேங்க் முழுவதையும் வடித்துவிட வேண்டியதுதான்; புதுப் பெட்ரோல் ஊற்றிச் சமாளிக்கலாம் என்று பார்க்காதீர்கள். அப்படியே கார்புரேட்டரில் பெட்ரோல் தேங்கும் கிண்ணமான ஃப்ளோட் சேம்பரையும் திறந்து பாருங்கள். அடியில் தயிர்த் திப்பி போல வெள்ளையாக ஏதாவது படிந்திருந்தால் அது அழுக்கில்லை, கார்புரேட்டரின் உலோகமே அரித்து வந்த உப்பு. அதைத் துடைத்தால் கீழே பளபளப்பு போய்ச் சொரசொரப்பாகக் குழி விழுந்திருக்கும். பித்தளை ஜெட்டின் வாயில் பச்சைப் படிவு இருந்தால் அதையும் பாருங்கள். கம்பி விட்டுக் குத்தினால் துளை பெரிதாகிவிடும்; கார்புரேட்டர் கிளீனரில் ஊறவைத்துக் காற்றடிப்பதே முறை.

மூன்றாவது, கரைக்கும் குணம். முப்பது ஆண்டுகளாக டேங்கின் சுவரில் ஒட்டியிருந்த பிசினையும் துருத் தூளையும் எத்தனால் கழற்றிவிடும். நெடுநாள் நின்ற வண்டியில் முதல் சில டேங்குகளுக்கு அடிக்கடி அடைப்பு வருவது இதனால்தான். இது கெடுதலில்லை, ஒருவகையில் சுத்தம். டியூபில் ஒரு ஃபில்டர் போட்டுப் பொறுத்துக்கொண்டால் நின்றுவிடும். ரப்பர்தான் கெடுதல். பழைய ரப்பர் டியூப், கார்க் கேஸ்கெட், கார்புரேட்டரின் ஊசி வால்வின் நுனி, அம்பாசடரின் பெட்ரோல் பம்ப்புக்குள் இருக்கும் ரப்பர் சவ்வான டயஃப்ரம் எல்லாம் எத்தனாலில் ஊறினால் உப்பும், பிறகு காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். கஃபே ரேசர் ஆக்குகிறேன் என்று ஃபைபர் டேங்க் போட்டவர்கள் கவனிக்க வேண்டும். அதன் பாலியெஸ்டர் ரெசினை எத்தனால் இளக்கி, பிசினாக கார்புரேட்டர் வரை கொண்டுவந்துவிடும்.

பெட்ரோலியத் துறை அமைச்சகம் 2025 ஆகஸ்ட்டில் தந்த விளக்கத்தில், சில பழைய வண்டிகளில் 20,000 முதல் 30,000 கிலோமீட்டர் ஓடிய பிறகு ரப்பர் பாகங்களையும் கேஸ்கெட்டுகளையும் மாற்ற வேண்டிவரலாம், அது வழக்கமான சர்வீஸில் முடியும் மலிவான வேலை என்று சொன்னது. தினமும் ஓடும் வண்டிக்கு இந்தக் கணக்கு சரி. உங்கள் அம்பாசடர் வருஷத்துக்கு ஆயிரம் கிலோமீட்டர் ஓடினால், அந்தக் கணக்குப்படி இருபது ஆண்டு கழித்துத்தான் டியூபை மாற்ற வேண்டும்! எத்தனாலில் ஊறும் ரப்பர் மீட்டரைப் பார்த்துக் கெடுவதில்லை. கிலோமீட்டரை மறந்துவிட்டு ஆண்டைக் கணக்கு வைத்து மாற்றுங்கள். சூடான இன்ஜின் மேல் பெட்ரோல் சொட்டினால் கார் தீப்பிடிக்கும் என்பதால், இந்தப் பதில் முழுவதிலும் தள்ளிப்போடக் கூடாத வேலை டியூப் மாற்றுவதுதான். எஸ்ஏஇ ஜே30 ஆர்9 என்று மேலே அச்சிட்ட டியூப் கேட்டு வாங்குங்கள். அதன் உட்பூச்சு வைட்டான் வகை ரப்பர், எத்தனாலைத் தாங்கும். கடையில் மீட்டர் கணக்கில் வெட்டித் தரும் பெயரில்லாத கறுப்பு டியூப் வேண்டாம்.

மைலேஜ் பற்றி இவ்வளவு போதும்: எத்தனாலில் லிட்டருக்கு லிட்டர் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு. இ20-ல் அது ஆறு, ஏழு சதவீதம். நிதி ஆயோக் 2021-ல் வெளியிட்ட திட்ட அறிக்கையே எத்தனால் இல்லா பெட்ரோலுக்கு வடிவமைத்து இ10-க்கு செட் செய்த கார்களுக்கு 6 முதல் 7 சதவீதமும், இருசக்கர வண்டிகளுக்கு 3 முதல் 4 சதவீதமும் குறையும் என்றது. 45 கொடுத்த வண்டி 43 கொடுக்கலாம். 45 கொடுத்தது 30-க்கு வந்துவிட்டது என்றால் வேறு இடத்தில் தேடுங்கள்.

வெயில் காலத்தில் பழைய கார்களுக்கு இன்னொரு தொல்லை, வேப்பர் லாக். அம்பாசடரின் பெட்ரோல் பம்ப் இன்ஜின் பக்கவாட்டிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது. சூட்டில் டியூபுக்குள்ளேயே பெட்ரோல் ஆவியாகிக் குமிழி கட்டினால் பம்ப் வெறும் ஆவியைத்தான் இழுக்கும். கார் சிக்னலில் நின்றுவிடும். எத்தனால் கலப்பு குறைந்த சூட்டிலேயே ஆவியாவதால் இது கூடுகிறது. ஈரத் துணியைப் பம்ப் மேல் சுற்றுவது டிரைவர்களின் பழைய வைத்தியம், இன்றும் வேலை செய்கிறது. நிரந்தரத் தீர்வு, எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டை விட்டு டியூபை விலக்கி எடுப்பதும், நடுவே ஒரு தகட்டுத் தடுப்பு வைப்பதும். டேங்க் பக்கமாக எலெக்ட்ரிக் பம்ப் போடுபவர்களும் உண்டு. போட்டால் கார்புரேட்டருக்கு ஏற்ற குறைந்த அழுத்தப் பம்ப்பாகப் பாருங்கள்.

உலகில் இதை முதலில் செய்தது நாம் அல்ல. பிரேசில் 1975-லேயே எத்தனால் திட்டத்தைத் தொடங்கியது. அங்கே பெட்ரோலில் 27 சதவீதமும் 2025 ஆகஸ்ட் முதல் 30 சதவீதமும் எத்தனால். பழைய வோக்ஸ்வேகன் பீட்டில்கள் அதில்தான் ஓடுகின்றன. ஆக, இன்ஜின் தாங்கும். ஆனால் பிரேசிலில் அதற்கேற்ப ஜெட்டையும் ரப்பரையும் மாற்றிப் பழகிய ஒரு தலைமுறை மெக்கானிக்குகள் இருக்கிறார்கள். பிரிட்டன் 2021 செப்டம்பரில் இ10-க்கு மாறியபோது, பழைய வண்டிகளுக்காக சூப்பர் பெட்ரோலை 5 சதவீதத்திலேயே விட்டுவைத்தது. இந்தியாவில் அப்படி ஒரு தெரிவு கேட்ட மனுவை உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பரில் தள்ளுபடி செய்துவிட்டது. ஒரு பம்ப்பிலாவது குறைந்த எத்தனால் பெட்ரோல் கொடுத்திருக்கலாம் என்பதே என் கருத்து. பிரீமியம் என்ற பெயரை மட்டும் நம்பி, எத்தனால் இருக்காது என்று நினைத்து அதிக விலை கொடுக்காதீர்கள். பெயர் ஆக்டேனைக் குறிக்கிறது, எத்தனால் அளவை அல்ல.

கேனில் தண்ணீர் ஊற்றிக் குலுக்கி எத்தனாலைப் பிரித்தெடுக்கும் முறை ஒன்று பரவுகிறது. பிரியும், உண்மைதான். ஆனால் அந்தப் பெட்ரோலின் ஆக்டேனை ஏற்றிக் கொடுப்பது எத்தனால். அதை எடுத்தபின் மிஞ்சும் பெட்ரோலின் ஆக்டேன் எவ்வளவு என்று உங்களுக்குத் தெரியாது. கொஞ்சம் தண்ணீரும் அதில் தங்கும். எல்லாவற்றுக்கும் மேல், வீட்டு வாசலில் திறந்த பாத்திரத்தில் பெட்ரோலைக் கலக்கிக்கொண்டிருப்பது பைத்தியக்காரத்தனம்.

அம்பாசடர் டீசலாக இருந்திருந்தால் பேச்சு வேறு மாதிரி போயிருக்கும். டீசலில் அந்தக் காலத்தில் 1 சதவீதம் வரை கந்தகம் இருந்தது. 2020 ஏப்ரல் முதல் பிஎஸ்6 (புகைக் கட்டுப்பாட்டு விதி) டீசலில் பத்து லட்சத்தில் 10 பங்குதான். கந்தகத்தை நீக்கும்போது டீசலின் இயல்பான வழவழப்பும் போய்விடும் என்பதால், பம்ப் தேயாமல் இருக்க ரிஃபைனரியிலேயே அதற்கு மருந்து சேர்க்கிறார்கள். டேங்கில் 2டி ஆயில் ஊற்றத் தேவையில்லை. பழைய ரோட்டரி பம்ப்பின் ஓ-ரிங்குகள் சுருங்கிக் கசிந்தால் மாற்றிக்கொண்டால் போதும்.

உங்கள் இரண்டு வண்டிகளுக்கும் வேலை வரிசை இப்படி: இரண்டுக்கும் டியூபை இந்த வாரமே மாற்றுங்கள். ஆர்எக்ஸுக்கு சீல், மேனிஃபோல்டு ரப்பர், பிறகு ஜெட். அம்பாசடருக்கு பம்ப் டயஃப்ரம், ஊசி வால்வு, கேஸ்கெட், பிறகு டேப்பெட். ஒரு மாதத்துக்கு மேல் நிறுத்துவதாக இருந்தால் ஆர்எக்ஸின் டேப்பை மூடிவிட்டு, ஃப்ளோட் சேம்பரின் அடி ஸ்குருவைத் திறந்து வடித்துவிடுங்கள். டேங்கை இன்ஜின் ஓடித் தீரும்படி காலி வைக்காதீர்கள், வெறும் தகடு ஈரக் காற்றில் துருப்பிடிக்கும். விளிம்பு வரை நிரப்பி வையுங்கள், காற்றுக்கும் ஈரத்துக்கும் இடமிருக்காது. ஆறு மாதத்துக்கு மேல் என்றால் நிரப்புவதும் உதவாது. முழுசாக வடித்து, உள்ளே கொஞ்சம் எண்ணெய் சுழற்றி, மூடி வைப்பதுதான் வழி. ஓட்டக்கூடிய வண்டி என்றால் இதெல்லாம் எதற்கு, மாதம் ஒருமுறை ஒரு டேங்கைத் தீர்த்துப் புதிதாக ஊற்றிக்கொண்டே இருங்கள்.